சூதாட்டச் சட்டத்தில் மதத்துக்கு எவ்வளவு இடம்? இலங்கை பார்க்க வேண்டிய நான்கு வழிகள்

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்பில் 'சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்' கசினோ திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பிரித்தானியர் காலத்து இரண்டு கட்டளைச் சட்டங்களையும் 2010இல் வந்த கசினோச் சட்டத்தையும் நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். சட்டம் வந்துவிட்டது, இனி விதிகள் எழுதப்பட வேண்டும். யார் உள்ளே போகலாம், யாரைத் தடுக்க வேண்டும், விளம்பரம் செய்யலாமா, கடனுக்கு ஆட விடலாமா என்பதெல்லாம் அந்த விதிகளில்தான் தீர்மானமாகும். அவற்றை எழுதும்போது மதத் தலைவர்களின் குரலுக்கு எந்த இடம் கொடுப்பது என்ற கேள்வி கட்டாயம் வரும். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருக்கும் நாட்டில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தக் கேள்வி இங்கே முன்பும் வந்தது. 2013இல் ஆஸ்திரேலியக் கோடீஸ்வரர் ஜேம்ஸ் பக்கர் கொழும்பில் பெரிய உல்லாச விடுதி கட்ட வந்தபோது பிக்குகள் வீதிக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும், இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் மூன்று பெரிய விடுதித் திட்டங்களுக்கான கசினோ அனுமதி நீக்கப்பட்டது. அவற்றில் ஒன்று ஜோன் கீல்ஸ் நிறுவனத்துடையது. அதே திட்டத்தின் கட்டடத்தில்தான் பத்து ஆண்டுகள் கழித்து இன்றைய கசினோ ஓடுகிறது. இடையில் கொழும்பின் பழைய கசினோக்கள் மூடப்படவும் இல்லை, அவற்றில் காசை விட்டவர்களுக்கு யாரும் எதுவும் செய்யவும் இல்லை. புதிதாக ஒன்று வரக்கூடாது என்பதில் மட்டும் எதிர்ப்பின் பலம் முழுவதும் போனது. ஏற்கெனவே ஆடுபவனின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஒரு கோரிக்கைகூட வலுவாக எழவில்லை. அந்தப் பிழை மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அயல்நாடுகள் நான்கை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் மதங்கள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். பலர் நினைப்பதுபோல அவை வெறுமனே 'பாவம், செய்யாதே' என்று சொல்லி நிறுத்துவதில்லை. பௌத்த நூல் தொகுப்பான தீக நிகாயத்தின் சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் சூதின் கேடுகள் ஆறை எண்ணிச் சொல்கிறார்: வென்றவன் பகையைச் சம்பாதிக்கிறான், தோற்றவன் இழந்ததை எண்ணிப் புலம்புகிறான், கையிலுள்ள செல்வம் கரைகிறது, சபையில் அவன் பேச்சு எடுபடுவதில்லை, நண்பர்கள் மதிப்பதில்லை, மனைவியைக் காப்பாற்ற மாட்டான் என்று யாரும் பெண் கொடுப்பதில்லை. ஆறில் ஒன்றுகூட மறுபிறவியைப் பற்றியதில்லை. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டே, கேடு பயனை மிஞ்சுகிறது என்று தீர்க்கிறது. ஐந்தாம் அத்தியாயம் அதை விலக்கச் சொல்லும்போது மனிதருக்கிடையே மூளும் பகையையும் காரணமாகக் காட்டுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சூதாட்டத்தை அடியோடு தடுக்கவில்லை. ஒருவனின் சொந்தத் தேவைக்கும் அவனை நம்பியிருப்போரின் தேவைக்கும் வேண்டியதைப் பறிக்கும்போது அது ஏற்க முடியாததாகிறது என்கிறது.

இந்து மரபில் இரண்டு குரல்களும் உண்டு. அரசன் தன் நாட்டில் சூதை அறவே விலக்க வேண்டும் என்று மனு சொல்கிறார். கௌடில்யரோ சூதுக்கென்று ஓர் அதிகாரியை நியமித்து, ஒரே இடத்தில் ஆடவைத்து, வேறிடத்தில் ஆடினால் அபராதம் போட்டு, வெற்றிப் பணத்தில் நூற்றுக்கு ஐந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். தடை, உரிமம் என்று இன்று நாம் போடும் சண்டையின் இரு பக்கமும் அங்கேயே இருக்கின்றன.

ஆக, மத நூல்களின் வாதம் பெரும்பாலும் குடும்பம், கடன், பகை, நம்பிக்கை இழப்பு என்ற இவ்வுலகக் கேடுகளைப் பற்றியது. ஒரு சட்டம் இந்தக் கேடுகளைக் கையிலெடுத்தால் எந்த மதத்தவருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. நான்கு நாடுகளையும் நான் பார்ப்பது இந்தக் கண்ணோட்டத்தில்தான்.

எல்லோருக்கும் தடை: இந்தோனேசியா

இந்தோனேசியா இஸ்லாமிய அரசு அல்ல, 'பஞ்சசீலம்' என்று அந்நாடு அழைக்கும் ஐந்து கொள்கைகளின் மேல் நிற்கும் அரசு. ஆனாலும் 1974ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சூதாட்டம் மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பஞ்சசீல நெறிக்கும் முரணானது என்று முகப்பிலேயே அறிவிக்கிறது. அதற்கு முன் நிலைமை வேறாக இருந்தது. 1960களின் இறுதியில் ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிக்கின் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கி, வந்த வரியில் பள்ளிக்கூடங்களும் வீதிகளும் கட்டினார். மத அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. பின்னர் ஜனாதிபதி சுகார்த்தோவின் அரசே 'எஸ்.டி.எஸ்.பி.' என்ற பெயரில் ஒரு லொத்தரை நடத்தியது. முஸ்லிம் மாணவர்களின் தொடர் போராட்டத்துக்குப் பின் 1993 நவம்பரில் அதுவும் நிறுத்தப்பட்டது. ஷரியா சட்டம் நடைமுறையிலுள்ள ஆச்சே மாகாணத்தில் 2005இல் முதன்முதலாகப் பகிரங்கப் பிரம்படி கொடுக்கப்பட்டது சூதாடியவர்களுக்குத்தான்.

இவ்வளவு இறுக்கமான தடையின் பின்னும் பணம் எங்கே போனது? கைத்தொலைபேசிக்குள் போனது. இந்தோனேசியாவின் நிதிப் பரிவர்த்தனைக் கண்காணிப்பு நிறுவனம் 2023இல் இணையச் சூதாட்டத்தில் புரண்ட பணத்தை 327 டிரில்லியன் ரூபியா என்று கணக்கிட்டது. 2024 ஜூனில் ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ தனிச் செயலணி அமைக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு இறுதியில், சூதாட்டத் தளங்களை முடக்க வேண்டிய அமைச்சின் ஊழியர்களே சில தளங்களை முடக்காமல் பாதுகாத்தார்கள் என்ற குற்றச்சாட்டில் கைதானார்கள்.

இந்த வழியின் நேர்மையை நான் மதிக்கிறேன். 1993க்குப் பின் அரசு ஒரு கையால் தடுத்து மறு கையால் சீட்டு விற்கவில்லை. மாணவர்கள் வீதிக்கு வந்து அரசின் சொந்த லொத்தரையே மூடவைத்தது சின்ன விடயம் இல்லை. ஆனால் ஆடுபவனைக் குற்றவாளியாகவே பார்க்கும் நாட்டில், கடனில் மூழ்கியவன் உதவி கேட்டு எந்தக் கதவைத் தட்டுவான்? வாய் திறந்தால் வழக்கு, திறக்காவிட்டால் வட்டிக்காரன்.

ஆளைப் பார்த்துத் தடை: மலேசியா

மலேசியாவின் வழிதான் இந்த நான்கிலும் சிக்கலானது. தமிழர்களாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

அரசியலமைப்பின்படி இஸ்லாம் கூட்டரசின் மதம். ஆனால் ஷரியா சட்டம் முஸ்லிம்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களில் 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டப்படி சூதாடும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மற்றவர்களுக்கு கெந்திங் மலையின் கசினோ திறந்திருக்கிறது. லிம் கோ தோங் அந்த விடுதியைக் கட்டத் தொடங்கியபோது, 1969இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். மலேசியாவின் ஒரே சட்டபூர்வக் கசினோ இன்றும் அதுதான். வாசலில் முஸ்லிம்களுக்கும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. முஸ்லிமின் அடையாள அட்டையிலேயே மதம் அச்சிடப்பட்டிருப்பதால் யார் யார் என்று பார்ப்பதும் கடினமில்லை.

கேட்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. தன் மதம் தடுப்பதை அவனவனுக்குத் தடுத்து, மற்றவனின் விருப்பத்தில் தலையிடாமல் இருப்பது பல மதங்கள் வாழும் நாட்டுக்குப் பொருத்தமான ஏற்பாடு என்று பலர் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. காரணம் கெந்திங் மலை அல்ல, கடைத்தெருவில் இருக்கும் நாலு நம்பர் கடை.

மலேசியத் தமிழர் வாழும் ஊர்களில் நாலு நம்பர் என்றால் விளக்கம் தேவையில்லை. புதன், சனி, ஞாயிறு குலுக்கல். 0000 முதல் 9999 வரை ஏதாவதொரு எண்ணைச் சீட்டில் குறித்துக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று பரிசுகளுக்குப் பின் பத்துச் சிறப்புப் பரிசு, பத்து ஆறுதல் பரிசு. கனவில் வந்ததும் விபத்துக்குள்ளான வண்டியின் இலக்கமும் எண்ணாக மாறும். முனீஸ்வரர் கோயிலில் எண் கேட்டு நிற்பவர்களும் உண்டு. தடுக்க வேண்டிய இடத்தில் நம்பிக்கையே தூண்டுகோலாகிவிடுகிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். 'பெரிது' என்ற வகையில் 1 ரிங்கிட் வைத்தால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு தலா 180, ஆறுதல் பரிசு தலா 60. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400 ரிங்கிட். எண்களோ பத்தாயிரம். அதாவது வைக்கும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் சராசரியாகத் திரும்பி வருவது 64 காசு. வாரத்தில் மூன்று நாள், வருடம் முழுவதும், நாட்கூலி வாங்கும் ஒருவன் இந்தக் கணக்கில் ஆடினால் அவன் வீட்டில் என்ன மிஞ்சும்?

மலாய்க்காரர் ஒருவர் இதில் விழுந்தால் அரசு அதைத் தீமையாகப் பார்க்கிறது. தண்டிக்கிற முறை சரியா என்பது வேறு, அவர் விழுந்ததை அரசு பொருட்படுத்துகிறது. தமிழரோ சீனரோ விழுந்தால் அது அவர் விருப்பம், வரி மட்டும் வரட்டும். மதத்தை வைத்து ஆளைப் பிரித்துத் தடுக்கும் கொள்கை, தடுக்கப்படாதவனின் நட்டத்தை யாருக்கும் பொறுப்பில்லாத நட்டமாக்கிவிடுகிறது. எனக்கு இந்த வழியில் இருக்கும் தீராத குறை இதுதான்.

அப்புறம் இன்னொரு திருப்பம். இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆளும் கிளந்தான் மாநிலத்தில் நாலு நம்பர் கடைகள் எப்போதோ மறைந்துவிட்டன. கெடா மாநில அரசும் 2023இன் தொடக்கத்திலிருந்து கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கூலிம், சுங்கை பட்டாணி போன்ற ஊர்களின் தமிழரும் சீனரும் வாக்களித்து எடுத்த முடிவல்ல அது. பக்கத்திலேயே பினாங்கு இருக்கிறது, கைத்தொலைபேசி அதைவிடப் பக்கத்தில் இருக்கிறது. ஆளைப் பார்த்துத் தடுக்கும் வழி நிலையாக நிற்பதில்லை என்பதை கெடா காட்டுகிறது. அரசியல் காற்று மாறினால் அது எல்லோருக்குமான தடையாக நகர்ந்துவிடும், அப்போதும் ஆடியவனுக்கான உதவி பேச்சில் வராது.

சீட்டு சரி, கசினோ கூடாது: தாய்லாந்து

தாய்லாந்தைச் சுருக்கமாகவே பார்க்கலாம். கசினோ விடயத்தைத் தவிர, அதன் நிலை இலங்கையின் நிலையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. பௌத்த நாடு, 1935ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம், பெரும்பாலான ஆட்டங்களுக்குத் தடை. ஆனால் மாதத்தின் 1ஆம், 16ஆம் திகதிகளில் அரசின் லொத்தர் குலுக்கல் நடக்கும். பாங்காக்கில் மே நாக் என்ற பெண் ஆவியின் சன்னதியில் மரப்பட்டையைத் தேய்த்து எண் தேடுகிறார்கள். பிக்குகளிடமே எண் கேட்கிறார்கள்.

2025 மார்ச்சில் தாய்லாந்து அமைச்சரவை கசினோவுடன் கூடிய கேளிக்கை வளாகங்களுக்கான மசோதாவை ஏற்றது. நாட்டு மக்கள் உள்ளே போக 5,000 பாட் கட்டணம், வங்கியில் 50 மில்லியன் பாட் வைப்பு என்றெல்லாம் வரைவில் பேசப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது, கூட்டணி ஆட்டம் கண்டது, ஜூலையில் மசோதா திரும்பப் பெறப்பட்டது. பலர் இதை மதத்தின் வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பணக்காரன் ஆடும் மேசையைத் தடுத்துவிட்டு, ஏழை வாங்கும் சீட்டை அரசே விற்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவது எந்த சூத்திரத்திலும் இல்லாத பௌத்தம்.

கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கடிவாளம்: சிங்கப்பூர்

2004இல் சிங்கப்பூர் அரசு கசினோ யோசனையை வெளியிட்டபோது கிறிஸ்தவத் திருச்சபைகளின் தேசிய மன்றமும் முஸ்லிம் அமைப்புகளும் வெளிப்படையாக எதிர்த்தன. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனு போனது. 2005 ஏப்ரல் 18 அன்று பிரதமர் லீ சியன் லூங் பாராளுமன்றத்தில் முடிவை அறிவித்தார். பல இனங்களும் மதங்களும் வாழும் நாட்டில் ஒரு தரப்பின் தேர்வை மற்றவர் மீது திணித்து அதையே தேசியக் கொள்கையாக்க முடியாது, அதே நேரம் சூதை வெறுப்பவர்களின் அன்றாட வாழ்வில் அது நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் மதத் தரப்பு தோற்றது. இரண்டு கசினோக்களும் 2010இல் திறந்தன. ஆனால் அவர்கள் எழுப்பிய கவலைகள் பல விதியாக மாறியதை கவனிக்க வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே கால் வைக்க ஒரு நாளுக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டொலர்) கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019இல் அது 150 ஆனது, ஆண்டுக் கட்டணம் 2,000இலிருந்து 3,000 ஆனது. அந்தப் பணம் கசினோவுக்குப் போகாது, பொதுநலப் பணிகளுக்கான அரச சபைக்குப் போகும். கசினோவுக்குள் ஏ.டி.எம். கிடையாது. பெருந்தொகை வைப்பு வைத்திருக்கும் ஒரு சிலரைத் தவிர உள்ளூர்வாசிக்குக் கடன் கொடுக்கக் கூடாது. பிரச்சினைச் சூதாட்டத்துக்கான, அதாவது கட்டுமீறி ஆடிக் கேட்டில் விழுபவர்களுக்கான, தேசிய மன்றம் 2005இலேயே, கசினோ வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அமைக்கப்பட்டது.

எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது விலக்கு ஆணை. தன்னை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கலாம். மனைவியோ கணவனோ பெற்றோரோ பிள்ளையோ சகோதரரோ விண்ணப்பித்தும் ஒருவரைத் தடுக்கலாம். கடனில் நொடித்துப்போனவர்களும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களும் கேட்காமலே தடுக்கப்படுவார்கள். நடைமுறையில் இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கணவனின் சம்பளம் மாதம் பத்தாம் திகதிக்குள் காணாமல் போகிற ஒரு வீட்டில், அந்தப் பெண் பொலிசுக்குப் போக வேண்டியதில்லை, கோயிலில் போய் அழ வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பம், ஒரு விசாரணை. அதற்குப் பின் அந்த வாசலில் அவன் அடையாள அட்டை செல்லாது. அவள் தமிழச்சியா, மலாய்ப் பெண்ணா, சீனப் பெண்ணா என்ற கேள்வியே எழாது. 'மனைவியைக் காப்பாற்ற மாட்டான்' என்ற அந்தப் பழைய சூத்திர வரியை எந்த மதத்தின் பெயரையும் சொல்லாமல் சட்டமாக்கினால் இப்படித்தான் இருக்கும்.

பலன் உண்டா? பிரச்சினைச் சூதாட்டத்துக்கான அந்தத் தேசிய மன்றத்தின் ஆய்வுகளின்படி, சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களாகக் கருதத்தக்கோரின் விகிதம் 2005இல் 4.1 சதவீதம், 2014இல் 0.7, 2023இல் 1.1. இந்த இறக்கம் முழுவதையும் கசினோ விதிகளின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் கசினோ வந்தால் குடும்பங்கள் கூண்டோடு அழியும் என்ற பயம் அங்கே உண்மையாகவில்லை.

சரி, குறைகள் இல்லையா? உண்டு. 150 வெள்ளிக் கடிவாளம் கசினோவுக்கு மட்டும்தான். அரச லொத்தர் நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸின் கடையில் நாலு நம்பர் வாங்க நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை. இன்னொன்று என்னை உறுத்துகிறது. கட்டணம் சொந்த நாட்டவருக்கு மட்டும். ஜகார்த்தாவிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வருபவன் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இலவசமாக நுழையலாம், தோற்று ஊர் திரும்பலாம். அவன் வீட்டுப் பெண்ணுக்கு விண்ணப்பம் கொடுக்க எளிய வழி எதுவும் இல்லை.

இலங்கை எதை எடுத்துக்கொள்வது

நான்கில் என் தெரிவு சிங்கப்பூர் வழிதான். ஆனால் அதை அப்படியே தூக்கி வந்தால் போதாது.

நுழைவுக் கட்டணம் ஏற்கெனவே இங்கே இருக்கிறது. இலங்கையருக்கு 50 டொலராக இருந்ததை 2025இல் 100 டொலராக்கினார்கள். அது நல்லது. கட்டணம் திறைசேரியின் வருமானமாக மட்டும் நின்றுவிட்டால் அதில் பாதிப் பயன்தான். கசினோக் கட்டணத்தில் ஒரு பங்கு, சூதாட்டக் கடனில் சிக்கிய குடும்பங்களுக்கான ஆலோசனைக்கும் கடன் தீர்ப்பு உதவிக்கும் என்று விதியில் எழுதப்பட வேண்டும். குடும்பம் கேட்டால் விலக்கு ஆணை என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும் நிரப்பக்கூடிய ஒரு பக்கப் படிவத்துடன். பிரதேச செயலகத்தில் கொடுக்க முடிந்தால்தான் அது நுவரெலியாவிலோ மன்னாரிலோ இருக்கும் பெண்ணுக்குப் பயன்படும்.

கொழும்புக் கசினோக்களின் முக்கிய வாடிக்கையாளர்கள் இந்தியர்கள். சென்னையிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம். விலக்குப் பட்டியல் கடவுச்சீட்டு இலக்கத்தை வைத்தும் இயங்க வேண்டும். அந்தக் கரையிலிருக்கும் மனைவியும் இணையத்தில் விண்ணப்பிக்க முடிய வேண்டும். சிங்கப்பூர் விட்ட ஓட்டையை நாம் திறந்துவைக்க வேண்டிய அவசியம் என்ன?

கடைசியாக லொத்தர். தேசிய லொத்தர் சபை, அபிவிருத்தி லொத்தர் சபை என்று இரண்டும் அரசுடையவை. மகஜன சம்பத, கோவிசெத என்ற பெயர்களைச் சந்தியில் நிற்கும் சைக்கிள் பலகையில் பார்க்காத ஊர் இல்லை. உங்கள் ராசியைப் பார்த்து வாங்கும் லக்ன வாசனா சீட்டும் உண்டு, சோதிட நம்பிக்கையை அரசே விற்பனைத் தந்திரமாக்கிய சீட்டு அது. சீட்டு விற்பவர்களில் மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் இருக்கிறார்கள். ஒரே நாளில் மூடச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் நூறு ரூபாவுக்குச் சீட்டு வாங்கினால் எத்தனை ரூபா சராசரியாகப் பரிசாகத் திரும்புகிறது என்று ஒவ்வொரு சீட்டிலும் மூன்று மொழிகளிலும் அச்சிடச் சொல்லலாம். ராசியையும் அதிர்ஷ்டத்தையும் வைத்து விளம்பரம் செய்வதை நிறுத்தச் சொல்லலாம்.

மகாநாயக்க தேரர்களும் ஆயர்களும் ஜம்இய்யத்துல் உலமாவும் இந்து மாமன்றமும் இந்த விடயத்தில் வாய் திறக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அவர்கள் விகாரையிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் தினமும் சந்திக்கிறவர்கள் தோற்றவர்களின் குடும்பங்கள்தான். அதிகாரசபை அதிகாரி யாருக்கும் அந்தத் தொடர்பு இல்லை. விதிகளின் வரைவு வெளிவந்ததும் நால்வரும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதட்டும். கசினோவை மூடு என்ற ஒற்றை வரியுடன் எழுதினால் 2015இல் நடந்ததுதான் மறுபடி நடக்கும். குடும்ப விலக்கு ஆணை, கசினோவுக்குள் கடனுக்கும் ஏ.டி.எம்.முக்கும் தடை, லொத்தர் சீட்டில் திரும்பும் தொகை, கட்டணத்திலிருந்து ஆலோசனை நிதி என்று பெயர் சொல்லிக் கேட்டால், எந்த அரசு வந்தாலும் மறுத்துப் பேசுவது கடினம்.